எல்லைக்கோட்டைக் கடக்கும் ஆலாக்கள்: மன்னார் வளைகுடாவின் இரு கரைகளுக்கும் ஒரு திறந்த மடல்

மன்னார் வளைகுடாவை ஒட்டித் தமிழ்நாட்டிலும் இலங்கையிலும் கடல்சார் ஆய்வு நடத்தும் பல்கலைக்கழகங்களின் ஆய்வுப் பட்டக் குழுக்களுக்கும், தமிழ்நாடு வனத்துறைக்கும், இலங்கை வனசீவராசிகள் பாதுகாப்புத் திணைக்களத்துக்கும்,

வணக்கம்.

தனுஷ்கோடியின் அரிச்சல்முனையிலிருந்து தலைமன்னார் வரை ஏறத்தாழ 30 கிலோமீட்டர் நீளத்துக்கு வரிசையாகக் கிடக்கும் மணல் திட்டுகளைப் பற்றி உங்களுக்கு நான் புதிதாகச் சொல்ல வேண்டியதில்லை. ராமேஸ்வரத்து மீனவர் அவற்றைத் திட்டு என்கிறார். மன்னார் மீனவர் தீடை என்கிறார். கச்சான் என்னும் தென்மேற்குக் காற்று வீசும் மாதங்களில் ஆலாக்கள் என்னும் கடற்பறவைகள் அங்கே வந்து இறங்கி, குழி என்று சொல்லவும் முடியாத ஒரு சிறு பள்ளத்தில் முட்டையிட்டுக் குஞ்சு பொரிக்கின்றன. இந்தியாவும் இலங்கையும் 1974இலும் 1976இலும் செய்துகொண்ட உடன்படிக்கைகளின்படி வகுக்கப்பட்ட கடல் எல்லைக்கோடு இந்தத் திட்டுகளுக்கு ஊடாகச் செல்கிறது. கோட்டுக்குக் கிழக்கே உள்ள பகுதியை இலங்கை அரசு 2015இல் தேசியப் பூங்காவாக அறிவித்தது. மேற்கே உள்ள பகுதி, 1989இல் அறிவிக்கப்பட்ட மன்னார் வளைகுடா உயிர்க்கோளக் காப்பகத்தை ஒட்டிக் கிடக்கிறது.

இந்த மேற்குப் பகுதியில் கடற்பறவைகளின் பரவலையும் பருவகால வலசையையும் ஆராய்ந்து முனைவர் பட்டம் பெற்றவன் நான். என் ஆய்வேட்டில் பறவைகளின் உயிர்பிழைப்பு வீதத்தைப் பற்றிய அத்தியாயம் ஒன்று உண்டு. அது பாதி உண்மையை மட்டுமே சொல்கிறது என்பதை அதை எழுதும்போதே அறிந்திருந்தேன். தேர்வாளர்களிடமும் வாய்மொழித் தேர்வில் அதைச் சொன்னேன். அந்தப் பாதி எங்கே போயிற்று என்பதையும், எனக்குப் பின்னால் வரும் மாணவர்களுக்கும் அதே நிலை வராமல் இருக்க உங்களால் என்ன செய்ய முடியும் என்பதையும் சொல்வதற்காகவே இந்த மடலை எழுதுகிறேன்.

வலசையும் பரவலும் ஒன்றாகவே பேசப்படுகின்றன. ஆய்வில் அவை வேறுவேறு. ஒரு பறவை ஆண்டுதோறும் ஒரு பருவத்தில் போய், மறுபருவத்தில் திரும்பி வருவது வலசை. பிறந்த திட்டை விட்டு வேறொரு திட்டில் போய்க் கூடமைத்து அங்கேயே தங்கிவிடுவது பரவல். வலசை போன பறவையை அடுத்த ஆண்டு அதே இடத்தில் எதிர்பார்க்கலாம். பரவிப் போன பறவை அந்த இடத்துக்குத் திரும்புவதே இல்லை. எங்கள் சிக்கல் முழுவதும் இந்த வேறுபாட்டில்தான் இருக்கிறது.

எடுத்துக்காட்டாக, ஒரு திட்டில் கூடமைத்த 100 ஆலாக்களின் கால்களில் எண் பொறித்த அடையாள வளையம் மாட்டியதாக வைத்துக்கொள்வோம். அடுத்த ஆண்டு அதே திட்டில் 60 பறவைகள் தென்படுகின்றன. மீதி 40 என்ன ஆயின? அவற்றில் சில நம் கண்ணில் படாமல் தப்பியிருக்கலாம். அதைக் கணக்கில் கொள்ளப் புள்ளியியலில் வழி இருக்கிறது. சில இறந்திருக்கலாம். சில ஐந்து கிலோமீட்டர் கிழக்கே இன்னொரு திட்டில் இந்த நேரத்தில் குஞ்சுக்கு நெத்திலி ஊட்டிக்கொண்டிருக்கலாம். கடைசி இரண்டையும் பிரித்தறிய, ஒரே இடத்தில் நின்று எண்ணுகிறவருக்கு எந்த வழியும் கிடையாது. நிரந்தரமாக வெளியேறிய பறவையும் இறந்த பறவையும் அவருடைய பதிவேட்டில் ஒரே வெற்றுக் கட்டமாகத்தான் இருக்கும். ஆகவே அவருடைய கணக்கு, வெளியேறிய ஒவ்வொரு பறவையையும் இறந்ததாகவே எழுதிக்கொள்ளும்.

வேறு இனங்களுக்கு இது சிறிய பிழையாக இருக்கலாம். மணலில் முட்டையிடும் ஆலாக்களுக்கு அப்படி இல்லை. திட்டு நிலையானதன்று, ஒரு வாடைக் காலத்தில் கரைந்து மறு கச்சானில் வேறிடத்தில் மேடாக எழும். பெரிய கொண்டை ஆலாவும் சின்ன ஆலாவும் இந்த நிலையாமைக்குப் பழகியவை. சென்ற ஆண்டு குஞ்சு பொரித்த மேட்டைக் கடல் ஏறி மூடிவிட்டால் கூட்டத்தோடு இடம் மாறிவிடும். அவை இடம் மாறும் திசையில்தான் நம் எல்லைக்கோடு இருக்கிறது. மேற்கே எண்ணுகிறவர் பறவைகள் செத்துப்போயின என்று எழுதுவார். கிழக்கே எண்ணுகிறவர் கூட்டம் பெருகிவிட்டது என்று எழுதுவார். இரண்டும் தனித்தனி ஆய்வேடுகளாக, தனித்தனி நூலகங்களில், நல்ல அட்டையுடன் இருக்கும். இரண்டையும் நம்பி இரண்டு துறைகள் திட்டம் தீட்டும்: ஒன்று, காகங்களாலும் நாய்களாலும் முட்டைகள் அழிவதாக எண்ணிக் காவலுக்குச் செலவிடும், மற்றது, கூட்டம் செழிப்பதாக எண்ணிக் காவலைத் தளர்த்தும். உண்மையில் நடந்ததோ, ஒரு மணல் மேடு கரைந்து பறவைகள் பக்கத்து மேட்டுக்குப் போனது மட்டுமே.

இதற்கு உலகில் முன்மாதிரி உண்டு. அமெரிக்காவின் ஃபுளோரிடாவுக்கு மேற்கே டிரை டோர்டுகாஸ் என்னும் சிறு தீவுக் கூட்டத்தில் சூட்டி ஆலா என்னும் கரிய முதுகு ஆலாக்கள் பெருங்கூட்டமாகக் கூடமைக்கின்றன. அங்கே பல ஆண்டுகள் வளையமிட்ட வில்லியம் ராபர்ட்சன் என்னும் ஆய்வாளர், இளம் பறவைகள் அட்லாண்டிக் பெருங்கடலைக் கடந்து மேற்கு ஆப்பிரிக்கக் கரைக்குப் போகின்றன என்பதை 1969இல் வெளியிட்டார். முதிர்ந்த பறவைகள் மெக்சிகோ வளைகுடாவையும் கரீபியக் கடலையும் சுற்றியே இருக்க, அதே ஆண்டு பிறந்த குஞ்சுகள் ஒரு பெருங்கடலைத் தாண்டிவிடுகின்றன. டிரை டோர்டுகாஸில் மட்டும் ஆயுள் முழுவதும் உட்கார்ந்து எண்ணியிருந்தாலும் இது தெரிந்திருக்காது. ஆப்பிரிக்கக் கரையில் பறவையின் காலில் வளையத்தைக் கண்டவர்கள் அதன் எண்ணை எழுதி அனுப்பியதால்தான் தெரிந்தது. அந்த ஆலாக்கள் 30 ஆண்டுகளுக்கு மேலும் உயிர்வாழ்பவை. முதன்முறையாகக் கூடமைக்கப் பல ஆண்டுகள் எடுத்துக்கொள்பவை. அத்தகைய பறவையின் கதையை ஒரு கரை மட்டும் எழுத முடியாது.

இப்போது நம் கரையில் வளையத்துக்கு என்ன நேர்கிறது என்பதைச் சொல்கிறேன். பாம்பனில் ஒரு நாட்டுப்படகு மீனவர் வீட்டுக்கு ஒரு மாலை போயிருந்தேன். பறவைகளைப் பற்றி விசாரிக்கிறவன் என்று கேள்விப்பட்டு, வலை பின்னும் ஊசிகள் கிடந்த தகர டப்பாவிலிருந்து ஒரு உலோக வளையத்தை எடுத்து என் கையில் வைத்தார். வலையில் சிக்கிச் செத்த ஓர் ஆலாவின் காலிலிருந்து எடுத்தது என்றார். எந்த ஆண்டு என்று நினைவில்லை. அலுமினிய வளையம். உப்புநீரும் மணலும் தேய்த்துத் தேய்த்து, அதன் விளிம்பு காகிதம்போல் மெலிந்து பளபளத்தது. எழுத்துகள் போய்விட்டன. வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தபோது மூன்று எண்கள் மட்டும் தெரிந்தன. நான்காவது எட்டா மூன்றா என்று சொல்ல முடியவில்லை. “இங்கிலீசுல என்னமோ எழுதியிருந்துச்சு தம்பி. யாருகிட்ட குடுக்கணும்னு தெரியல. தூக்கிப் போட மனசு வரல, அதான் வச்சிருந்தேன்” என்றார். ஒரு பறவை எங்கே பிறந்தது, எத்தனை ஆண்டு வாழ்ந்தது என்னும் செய்தி அவர் வீட்டு டப்பாவுக்குள் கிடந்து மெல்ல அழிந்துபோயிருந்தது.

அவரிடம் எந்தக் குறையும் இல்லை. செய்தியை மதித்துப் பாதுகாத்தவர் அவர் ஒருவரே. இந்திய வளையங்களில் பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்துக்குத் தெரிவிக்குமாறு ஆங்கிலத்தில் பொறித்திருக்கும். இந்தத் திட்டுகளைச் சுற்றி ராமேஸ்வரத்திலும் தலைமன்னாரிலும் பேசாலையிலும் தொழில் செய்கிறவர்களில் மிகப் பெரும்பாலோர் தமிழ் பேசுகிறவர்கள். ஆலாக்களை நாள்தோறும் பார்ப்பவர்களும் அவர்களே. ஆலா கூட்டமாகச் சுற்றி விழுகிற இடத்தில் அடியில் சூரை ஓடுகிறது, சூரைக்கு அஞ்சிச் சிறுமீன் மேலே வருகிறது என்பது ஆய்வு நூல்களில் ஏறுவதற்கு வெகுகாலம் முன்பே அவர்களுக்குத் தெரியும். அதைப் பார்த்துத்தான் வலையின் திசையைத் தீர்மானிக்கிறார்கள். அவர்களுக்குப் புரியும் மொழியில், அவர்கள் கைப்பேசியிலிருந்து அனுப்பக்கூடிய ஒரு முகவரி இரு கரைக்கும் பொதுவாக இருந்தால், எத்தனை வளையங்கள் டப்பாக்களிலிருந்து வெளியே வரும் என்று எண்ணிப் பார்க்கிறேன். கடற்பறவைகளுக்கு அலுமினியத்தைக் கைவிட்டுத் துருப்பிடிக்காத எஃகு வளையம் இடுவதும், தூரத்திலிருந்தே தொலைநோக்கியில் படிக்கக்கூடிய நிற வளையத்தை மறுகாலில் சேர்ப்பதும் பெரிய செலவு இல்லை. இரு கரையிலும் ஒரே நிறம் இரண்டு வேறு பொருளில் வந்துவிடாமல் பார்த்துக்கொண்டால் போதும்.

கருவிகள் வந்துவிட்ட காலத்தில் வளையம் எதற்கு என்று கேட்பவர்களும் உண்டு. ஆர்க்டிக் ஆலாவின் ஆண்டுப் பயணத்தை அறிய கிரீன்லாந்திலும் ஐஸ்லாந்திலும் பறவைகளின் காலில் 1.4 கிராம் எடையுள்ள ஜியோலொக்கேட்டர் என்னும் ஒளியளவுக் கருவியைப் பொருத்தினார்கள். 11 பறவைகளிடமிருந்து கிடைத்த தரவின்படி, அவை ஓராண்டில் சராசரியாக 70,900 கிலோமீட்டர் பறந்திருந்தன. முடிவுகள் 2010இல் வெளிவந்தன. அந்தக் கருவி எதையும் ஒலிபரப்புவதில்லை. சூரியன் எழுந்த நேரத்தையும் மறைந்த நேரத்தையும் தனக்குள் எழுதி வைத்துக்கொள்ளும். அடுத்த ஆண்டு அதே பறவையை மறுபடி பிடித்துக் கழற்றினால்தான் அதில் உள்ளது கைக்கு வரும். அதாவது, பறவை அதே இடத்துக்குத் திரும்ப வேண்டும். ஆய்வாளரும் அதே இடத்தில் இருக்க வேண்டும். இடம் மாறும் கூட்டங்களில் அந்தக் கருவி பறவையோடு கோட்டைக் கடந்துவிடுகிறது. அங்கே அதைக் கழற்றும் உரிமை அதை மாட்டிய மாணவருக்கு இல்லை, கழற்றக்கூடிய இடத்தில் இருக்கும் மாணவருக்கோ அது யாருடையது என்று தெரியாது.

இன்னொரு இடர்ப்பாடும் இருக்கிறது. பகலின் நீளத்தைக் கொண்டே அந்தக் கருவி அட்சரேகையைக் கணிக்கிறது. நம் திட்டுகள் வடக்கே ஏறத்தாழ 9 பாகையில் இருக்கின்றன. இங்கே ஆண்டின் மிக நீண்ட பகலுக்கும் மிகக் குறுகிய பகலுக்கும் உள்ள வேறுபாடே ஒரு மணி நேரம் அளவுதான். மார்ச்சிலும் செப்டம்பரிலும் பகலும் இரவும் சமமாகும் நாள்களை ஒட்டி அட்சரேகையைக் கணிக்கவே இயலாது. ஆகவே கிரீன்லாந்தில் நன்றாக உதவிய கருவி இங்கே நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் பிழையோடு பேசும். துல்லியமான ஜி.பி.எஸ். கருவிகள் எடை கூடியவை. பறவையின் எடையில் 3 விழுக்காட்டுக்கு மேல் சுமத்தக் கூடாது என்பது பரவலாகப் பின்பற்றப்படும் நெறி. 300 கிராமுக்கு மேல் எடையுள்ள பெரிய கொண்டை ஆலா அதைத் தாங்கும். 50 கிராம் அளவே உள்ள சின்ன ஆலாவுக்கு ஒன்றரைக் கிராம்தான் உச்சம். மன்னாரில் ஜி.பி.எஸ். கருவி பொருத்தப்பட்ட ஹியூக்ளின் கடற்காகம் ஒன்று ரஷ்யாவின் வடகோடியில் உள்ள யமால் தீபகற்பம் வரை போய்த் திரும்பியதைக் கொழும்புப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் உலகுக்குக் காட்டினார்கள். அது ஒரு பெரும் பறவையின் வலசை. நெஞ்சு நிறைந்த வேலை. நம் திட்டுகளில் பிறக்கும் சிறிய ஆலாக்களின் பரவலுக்கு இன்றும் வளையமும் கண்ணும் பொறுமையுமே கருவிகள்.

பொறுமை என்று சொன்னேன். அது பல்கலைக்கழகங்களிடம் கேட்க வேண்டிய பொருள். இந்தியாவில் 2022ஆம் ஆண்டின் பல்கலைக்கழக மானியக் குழு விதிகளின்படி முனைவர் பட்டப் படிப்புக்குக் குறைந்தது மூன்று ஆண்டுகள், அதிகம் ஆறு ஆண்டுகள். மறுபதிவு செய்தால் மேலும் இரண்டு. உதவித்தொகையோ ஐந்து ஆண்டுகளில் நின்றுவிடும். முதலாண்டு பாடநெறியில் கழியும். பெரிய ஆலா இனங்கள் முதன்முதலாக முட்டையிட மூன்று நான்கு ஆண்டுகளும் அதற்கு மேலும் ஆகும். இரண்டாம் ஆண்டில் ஒரு மாணவி உள்ளங்கையில் ஏந்தி வளையமிட்ட குஞ்சு, தான் பிறந்த திட்டுக்குத் திரும்புகிறதா, வேறு திட்டைத் தேர்ந்துகொள்கிறதா என்பது தெரியவரும்போது அவர் பட்டம் பெற்று வேறொரு வேலைக்குப் போயிருப்பார். பிறப்பிடப் பரவலைப் பற்றிய கேள்வியை ஒரு மாணவரின் காலத்துக்குள் அடக்கவே முடியாது. அதை அடக்க முடியும் என்று நடித்து, தலைப்பை ஒப்புதல் செய்து, பிறகு தரவு போதவில்லை என்று அத்தியாயத்தைச் சுருக்கச் சொல்வது மாணவருக்குச் செய்யும் அநீதி.

இதற்கு வழி, ஆய்வைத் தொடர் ஓட்டமாக்குவது. ஒருவர் இட்ட வளையத்தை அடுத்தவர் படிப்பார்; அவர் இட்டதை அதற்கடுத்தவர் படிப்பார். அதற்குத் தரவு மாணவரோடு வீட்டுக்குப் போகாமல் துறையின் பதிவேட்டில் தங்க வேண்டும். வளையமிட்டவரின் பெயர் அந்தத் தரவைப் பயன்படுத்தும் ஒவ்வொரு கட்டுரையிலும் இடம்பெறும் என்ற உறுதியும் வேண்டும். இந்த உறுதி இல்லாததால்தான் தரவைப் பூட்டி வைக்கிறோம். நானும் இரண்டு ஆண்டுகள் அப்படிச் செய்தேன். அது தவறு என்று இன்று வெளிப்படையாக ஒப்புக்கொள்கிறேன்.

அனுமதியைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். என் முதல் பருவத்துக்கான அனுமதிக் கடிதம் அக்டோபரில் கையில் கிடைத்தது. திட்டுக்குப் போனபோது ஓட்டுத் துண்டுகளும் காற்றில் புரண்ட இறகுகளும் வெள்ளை எச்சமும் மட்டுமே இருந்தன. பறவைகள் எல்லாம் போய்விட்டிருந்தன. அலுவலகத்தில் யாரும் வேண்டுமென்றே தாமதிக்கவில்லை; விண்ணப்பம் நிதியாண்டின் வரிசையில் நகர்ந்தது, பறவை பருவக்காற்றின் வரிசையில் நகர்ந்தது. இந்தியக் கிழக்குக் கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடைக்காலம். கூடமைக்கும் பருவத்தின் தொடக்கம் அதோடு ஒட்டி வருகிறது. கடலில் நடமாட்டம் குறைந்திருக்கும் அந்த வாரங்களில்தான் திட்டுகளில் குறைந்த தொந்தரவோடு வேலை செய்ய முடியும். அனுமதி ஏப்ரலுக்கு முன் வருவதும், ஒரே பருவத்துக்கு அன்றி ஐந்து பருவங்களுக்குச் சேர்த்து வருவதும், கோப்பில் ஒரு வரியை மாற்றினால் ஆகக்கூடியவை.

அனுமதியில் கண்டிப்பு தேவையில்லை என்று நான் சொல்லவில்லை. கொண்டை ஆலா இடுவது ஒற்றை முட்டை. நண்பகலில் மனிதர் நெருங்கித் தாய்ப்பறவை எழுந்துவிட்டால், வெயிலில் கிடக்கும் அந்த முட்டை மிக விரைவில் சூடேறிக் கெட்டுவிடும். காகம் பார்த்துக்கொண்டே இருக்கும். விடியலிலும் அந்தியிலும் மட்டும், குறைந்த ஆட்களோடு, குறித்த நிமிடங்களுக்குள் வேலையை முடிக்க வேண்டும் என்று எழுதிப் போடுங்கள். மீறுகிறவருடைய அனுமதியை நீக்குங்கள். அந்தக் கண்டிப்பை இரு கரைக்கும் ஒரே விதியாக எழுதுங்கள் என்பதே என் வேண்டுகோள்.

எல்லைப் பாதுகாப்பைப் பற்றிய கவலையை நன்கு அறிவேன். இந்தக் கடலில் மீனவர்கள் படும் துன்பத்தையும், படகுகள் பிடிபடுவதையும், திட்டுகளில் இறக்கிவிடப்பட்ட ஏதிலிகள் குழந்தைகளோடு காத்துக் கிடந்ததையும் கண்ட கரையில் நின்றுதான் எழுதுகிறேன். எந்த மாணவரும் கோட்டைக் கடக்க வேண்டும் என்று கேட்கவில்லை. மேற்கே இருப்பவர் மேற்கிலும், கிழக்கே இருப்பவர் கிழக்கிலும் நின்றே எண்ணட்டும். ஒரே வாரத்தில், ஒரே முறையில், ஒரே நிறக் குறியீட்டில் எண்ணி, பார்த்த வளையங்களைப் பொதுவான ஒரு பதிவேட்டில் அன்றே எழுதட்டும். தமிழ்நாட்டில் முனைவர் பட்டம் செய்கிறவருக்கு இலங்கையிலிருந்து ஓர் இணை வழிகாட்டியும், இலங்கையில் கலாநிதிப் பட்டம் செய்கிறவருக்குத் தமிழ்நாட்டிலிருந்து ஓர் இணை வழிகாட்டியும் இருக்கட்டும். கோட்டைக் கடப்பது எண்களாக மட்டும் இருந்தால் போதும்.

இதற்குப் புதிய ஒப்பந்தம் எதுவும் வேண்டியதில்லை. வலசை போகும் உயிரினங்களைக் காப்பதற்கான பன்னாட்டு உடன்படிக்கையில் இந்தியா 1983 முதலும், இலங்கை 1990 முதலும் உறுப்பு நாடுகள். அதன் 13ஆவது மாநாடு 2020இல் நம் காந்திநகரில்தான் நடந்தது. ஒரே கூட்டத்தைப் பகிர்ந்துகொள்ளும் இரண்டு நாடுகள் தகவலையும் பகிர்ந்துகொள்ள வேண்டும் என்பது அந்த உடன்படிக்கையின் சாரம்.

காத்திருக்க நேரமும் இல்லை. 2021 மே மாதம் கொழும்புக்கு அப்பால் தீப்பிடித்து ஜூனில் மூழ்கிய எக்ஸ்பிரஸ் பேர்ல் கப்பலிலிருந்து கடலில் கொட்டிய பிளாஸ்டிக் குருணைகள் இலங்கையின் மேற்குக் கரையெங்கும் ஒதுங்கின. 2025 மே மாதம் கேரளக் கரைக்கு அப்பால் ஒரு சரக்குக் கப்பல் மூழ்கியபின் அதே போன்ற குருணைகளைக் கன்னியாகுமரிக் கரையில் மக்கள் சல்லடை கொண்டு சலித்து எடுத்தார்கள். 2022இல் நெதர்லாந்தில் சாண்ட்விச் ஆலாக் கூட்டங்களில் பறவைக்காய்ச்சல் புகுந்து ஆயிரக்கணக்கான முதிர்ந்த பறவைகளைக் கொன்றது. அப்படியொரு நோய் நம் திட்டுகளில் ஒன்றைத் தொட்டால், அடுத்து எந்தத் திட்டு, எந்தக் கரை, எத்தனை நாளில் என்று சொல்ல நம்மிடம் பரவல் வரைபடம் இருக்க வேண்டும். மன்னார்த் தீவின் தென்கரையில் தம்பபவனி காற்றாலைப் பண்ணையின் 30 காற்றாலைகள் நிற்கின்றன. இந்தக் கடலில் மேலும் எங்கே காற்றாலை நிறுவலாம், எங்கே கூடாது என்ற கேள்வி இரு நாடுகளுக்கும் முன்னால் இருக்கிறது. பறவைகள் எந்த உயரத்தில், எந்த வழியாக, எந்த மாதத்தில் கடக்கின்றன என்று சொல்லக்கூடியவர்கள் இந்த மாணவர்களே.

தென்மேற்குப் பருவக்காற்றின் பிற்பகுதியில் இலங்கையின் மேற்குக் கரையை ஒட்டித் தெற்கு நோக்கி ஆயிரக்கணக்கான பிரைடில்ட் ஆலாக்கள் செல்வதை அங்குள்ள பறவை நோக்கர்கள் 1980களிலிருந்தே கரையில் நின்று எண்ணிப் பதிவுசெய்திருக்கிறார்கள். அதே இனம் மகாராஷ்டிரக் கரைக்கு அப்பால் வெங்குர்லாப் பாறைகளிலும் பாரசீக வளைகுடாத் தீவுகளிலும் கூடமைக்கிறது. நம் திட்டுகளிலும் கூடமைக்கிறது. கரையில் நிற்பவர் கண்முன் கடந்துபோகும் பறவை இவற்றில் எந்தக் கூட்டத்தைச் சேர்ந்தது என்பதை அதன் காலில் உள்ள நிறம்தான் சொல்லும். அந்த நிறத்தை இடும் மாணவர் ஒரு கரையிலும், படிக்கும் மாணவர் மறுகரையிலும் இருக்கப்போகிறார்கள். அவர்கள் இருவரும் ஒருவரையொருவர் அறிந்திருக்க வேண்டும்.

ஆகவே, இரு கரைகளின் ஆய்வுக் குழுக்களும் துறைகளும் வரும் ஜனவரிக்குள் ஒருமுறை கூடிப் பேசுமாறு பணிவோடு கேட்டுக்கொள்கிறேன். இணையவழியில் இரண்டு மணி நேரம் கூடினாலும் போதும். நிறக் குறியீட்டைப் பங்கிட்டுக்கொள்வதும், பதிவேட்டை யார் வைத்திருப்பது என்று முடிவு செய்வதும், வளையம் கண்டெடுத்தால் யாருக்கு அனுப்புவது என்று தமிழிலும் சிங்களத்திலும் ஒரு சிறு அட்டை அச்சிட்டு மீன் இறங்குதுறைகளில் ஒட்டுவதும் அந்தக் கூட்டத்தில் முடியக்கூடியவை. என்னிடம் உள்ள ஆறு பருவங்களின் களக் குறிப்பேடுகளையும், படிக்க முடிந்த ஒவ்வொரு வளைய எண்ணையும் அந்தப் பதிவேட்டுக்கு முதல் பங்காகத் தர ஆயத்தமாக இருக்கிறேன். பாம்பன் மீனவர் தந்த வளையத்தின் மூன்று எண்களையும், ஐயத்துக்குரிய அந்த நான்காம் எண்ணோடு அதில் எழுதிவிடுவேன்.

அன்புடனும் மதிப்புடனும்,
கடற்பறவை ஆய்வாளர் ஒருவர்,
ராமேஸ்வரம் தீவு